‘ஓம்’ என்று சொன்னேன்

நான் பொய் சொன்னது மூன்று துண்டு பிளாஸ்டிக்கைப் பற்றி. விலை பேசி முடித்த ஒரு பழைய பாய்ப்படகில் அது அற்ப விஷயம் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால், அவருக்குப் படகு தெரியாது. எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த காரியமாக இருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

படகு 27 அடி நீளம். 1970களில் ஒன்ராறியோவிலேயே கட்டியது. ஸ்காபரோவில் ஏரியை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் மண்குன்றுகளின் அடியில் இருக்கும் மரீனாவில் அதைக் கட்டியிருந்தேன். இந்த வகைப் படகுகளில் பின்பக்கம் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கும் இடத்துக்குக் காக்பிட் என்று பெயர். அங்கிருந்து சில படி இறங்கினால் கபின். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் உண்டு, ஆனால் கதவு கிடையாது. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகக் காடி வெட்டியிருக்கும். அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். ஊரில் கடைக்காரர் இரவில் எண் பார்த்துப் பலகை போட்டுக் கடையை அடைப்பாரே, அதையே படுக்கைவாட்டில் நினைத்துக்கொள்ளலாம். மேலே ஒரு மூடி முன்னும் பின்னும் வழுக்கிப் போய்வரும்.

வெயில் நாளில் அந்தப் பலகைகளுக்கு வேலையில்லை. கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டுவிடலாம். காற்று ஏறினால் கதை வேறு. பின்னாலிருந்து வரும் பெரிய அலை காக்பிட்டை நிரப்பினால், தண்ணீர் முதலில் தேடுவது அந்த வாசலைத்தான். காக்பிட்டில் வடிகால் துளைகள் உண்டு, சில நிமிடத்தில் வடிந்துவிடும். கபினில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே போனதை வாளியால் அள்ளிக் கொட்ட வேண்டும், அல்லது பம்ப் அடிக்க வேண்டும், அதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

இது 1979 ஓகஸ்ட்டில் உலகுக்கு விளங்கிய பாடம். இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள ஃபாஸ்ற்நெற் பாறையைச் சுற்றித் திரும்பும் ஓட்டத்தில் அந்த ஆண்டு 303 படகுகள் புறப்பட்டன. 13ஆம் திகதி இரவு புயல் பிடித்தது. ஓட்டத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள், ஐந்து மூழ்கின. பிறகு நடந்த விசாரணையில் இந்த வாசல் பலகைகளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. படகு கவிழ்ந்து உருண்டபோது பலகைகள் காடியை விட்டு நழுவி விழுந்திருந்தன. பல படகுகளில் வாசல் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும். பலகையை எடுப்பதற்கு அது வசதி. ஆனால் அதே காரணத்தால் ஓர் அங்குலம் மேலே எழும்பினாலே பலகை தளர்ந்து கையோடு வந்துவிடும், கடலோடும் போய்விடும். இன்றைக்கு வெளிக்கடல் ஓட்டங்களின் விதிகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பலகையை அதன் இடத்தில் பூட்டி வைக்க வழி வேண்டும், அது உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும், படகு தலைகீழாக இருந்தாலும் திறக்க வேண்டும், பலகை கயிற்றால் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் பலகையை மாற்றுவதற்கு முன்பே வாசித்திருந்தேன். கோடிட்டுக்கூட வைத்திருந்தேன்.

படகை எனக்கு விற்றவர் ஒரு கிழவர். ஸ்கொட்லாந்திலிருந்து இளவயதில் வந்து, வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை செய்தவர். வாசல் பலகை மூன்றும் அவர் கையால் செய்தவை. பர்மாத் தேக்கு, முக்கால் அங்குலத் தடிப்பு. கீழ்ப்பலகையின் மேல் விளிம்பைப் படிபோல வெட்டியிருந்தார். மேற்பலகை வெளிப்பக்கமாக அதன்மேல் கவிந்து உட்காரும், அதனால் மழைநீர் சந்துக்குள் புகாமல் வெளியே வழியும். மேலிருக்கும் பலகையில் காற்றுக்காகச் சரிவாக நான்கு கீற்று வெட்டியிருந்தார். கீற்றுக்குள் விரலை விட்டால் அடிப்பக்கம் அப்படியொரு வழுவழுப்பு. யாரும் பார்க்காத பக்கத்தையும் அவர் தேய்த்துத்தான் விட்டிருக்கிறார். உட்புறம் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதி, மேல் எது என்று காட்ட ஓர் அம்புக்குறி. வருடாவருடம் வார்னிஷ் அடித்ததில் பென்சில் எழுத்து தேன் நிறத்துக்குள் மூழ்கியிருந்தது.

இவற்றைத்தான் கழற்றினேன்.

கேட்டவர்களிடம் சொன்ன காரணம் வெளிச்சம். கபினுக்குள் இருட்டு, மழை நாளில் பலகை போட்டு உள்ளே இருந்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும், வெளியே யார் வருகிறார், காற்று எந்தப் பக்கம் என்று தெரியாது. எல்லாம் உண்மைதான். தெளிந்த பிளாஸ்டிக் பலகை போடுபவர்கள் சொல்லும் நியாயமான காரணங்கள். என்னுடைய காரணம் அது இல்லை. பக்கத்துத் தரிப்பிடத்துக்குப் புதிதாக ஒரு படகு வந்தது. அதன் வாசலில் புகைநிறத்தில் மினுங்கும் அக்ரிலிக் பலகை. அதன்பிறகு என் படகு எனக்குக் கிழவருடைய படகாகத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் பார்க்க வருவார்கள். கல்யாண வீட்டில் சந்தித்தவர்கள், கோவிலில் சந்தித்தவர்கள், ‘படகு வைச்சிருக்கிறியளாமே’ என்று குடும்பத்தோடு வருவார்கள். மரீனாவில் நடைபாதையில் நின்றபடியே கபினின் உட்புறம், மெத்தை, பித்தளை விளக்கு எல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் வல்வெட்டித்துறைக்காரன். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அதில் போகவில்லை. ஆனாலும் ‘எங்கட ஆக்கள்’ என்றுதான் சொல்லுவேன். கேட்பவர்கள் என் தாத்தா போனதாக நினைத்துக்கொள்வார்கள், நான் திருத்த மாட்டேன். பொய் எனக்குப் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

“இருந்த பலகைக்கு என்ன குறை? ஒரு சொட்டு மழைத்தண்ணி உள்ள வந்ததே?” என்று மனைவி கேட்டாள்.

“வெளிச்சம் காணாது.”

“உள்ளுக்க உடுப்பு மாத்தேலாது. போற வாற சனமெல்லாம் பாக்கும்.”

“உமக்கு ஒரு சீலை தொங்கவிட்டால் போச்சு.”

பிளாஸ்டிக் கடையில் இருந்த பையன் நல்லவன். எதற்கு என்று கேட்டான், சொன்னேன். அப்படியென்றால் பாலிகார்பனேட் எடுங்கள் என்றான். லெக்சான் என்ற பெயரில் நாமெல்லாம் அறிந்தது அதுதான். போலீஸ்காரர் கலவரத்தில் பிடிக்கும் கேடயம் அந்தப் பொருள். சுத்தியலால் அடித்தால் வளையும், பள்ளம் விழும், உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், வெயிலில் மஞ்சளடிக்கும். அக்ரிலிக் அதற்கு நேர்மாறு: கண்ணாடிபோலத் தெளிவு, வெயிலைத் தாங்கும், கீறலும் குறைவு, வளைவதும் குறைவு. ஆனால் அடி தாங்காது, விட்டால் ஒரேயடியாக வெடித்துவிடும். அதற்காக அக்ரிலிக் கெட்ட பொருள் என்று சொல்ல முடியாது. நல்ல படகுகளின் மேல்தள ஜன்னல்கள் பெரும்பாலும் அதுதான். ஆனால் அங்கே போடுவது அச்சில் வார்த்த அக்ரிலிக், நல்ல தடிப்பில், சுற்றிவர உலோகச் சட்டத்தோடு. நான் வாங்கியது பிழிந்து தகடாக்கிய மலிவு வகை, ஆறு மில்லிமீட்டர், கடையின் மூலையில் கழிவுத் துண்டுகளாகக் கிடந்தது. லெக்சானின் விலையில் பாதிகூட இல்லை.

தடிப்பைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு பலகை வளையாமல் நிற்கும் பலம் அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. கிழவரின் தேக்கு என் தகட்டைவிட மூன்று மடங்கு தடிப்பு. தேக்கு இயல்பிலேயே அக்ரிலிக்கைவிட மூன்று நான்கு மடங்கு விறைப்பானது. பெருக்கிப் பார்த்தால் நூறு மடங்கு வருகிறது. தண்ணீரின் பாரம் நடுவில் விழுந்தால் மெல்லிய தகடு உடைய வேண்டியதுகூட இல்லை, வில்போல வளைந்தாலே போதும், இரண்டு ஓரமும் காடியை விட்டு வெளியே வந்துவிடும். இந்தக் கணக்கை நான் போடத் தெரிந்தவன், தொழிலே அதுதான். போடவில்லை.

ஏப்ரலில், படகு இன்னும் கரையில் தாங்கியில் நிற்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தேன். ஜிக்ஸோ வைத்து அறுக்கும்போது வாள் சூடேறி, பின்னால் விழுந்த தூள் உருகி, அறுத்த இடம் மறுபடி ஒட்டிக்கொண்டது. அதை உடைத்துப் பிரித்தபோது விளிம்பில் சிராய். கிழவர் வெட்டிய படிவிளிம்பெல்லாம் எனக்கு வராது, நேராக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டேன். காடி முக்கால் அங்குலம், தகடு கால் அங்குலம்கூட இல்லை. இடைவெளிக்கு மரச்சக்கை அடித்து ஒட்டினேன்.

அடுத்தது பூட்டுக் கொண்டிக்குத் துளை. அக்ரிலிக்குக்கு என்று முனை கூர்மையாகத் தீட்டிய பிட் இருக்கிறது. சாதாரண பிட் மறுபக்கம் வெளியே வரும் கணத்தில் தகட்டைக் கவ்வி இழுக்கும், துளையைச் சுற்றி நட்சத்திரம்போல வெடிப்பு வரும். ஒரு பிட்டுக்காக இன்னொரு தரம் கடைக்குப் போக மனமில்லாமல் கையில் இருந்த சாதாரண பிட்டாலேயே துளைத்தேன். துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருள் வெயிலில் விரியும். நான் இறுக்கமாகப் போட்டேன். திருகாணித் தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். நான் பார்வைக்கு அழகு என்று கூம்புத் தலையைத் தெரிந்தெடுத்தேன். கூம்பு ஆப்பு மாதிரி, முடுக்க முடுக்கத் துளையைப் பிளக்கப் பார்க்கும். கடைசியாக, மேலே ஒட்டியிருந்த காப்புத்தாள் வெயில் பட்டு உரியாமல் கிடந்ததால், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். முடுக்கி வைத்த அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தாமாகவே கிளம்பும். அன்று மாலையே துளையோரத்தில் அவை தெரிந்தன. சாய்த்துப் பிடித்தால் மட்டும் வெள்ளியாக மின்னும். நான் சாய்த்துப் பிடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் அளந்தேன். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மூடி இந்தப் பொருள்தான், போர் விமானிகளின் கண்ணில் தெறித்த மூடியின் சில்லு கண்ணுக்குத் தீங்கு செய்யவில்லை என்று கண்ட ஹரோல்ட் ரிட்லி என்ற லண்டன் மருத்துவர்தான் 1949இல் முதல்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார் என்று. இவ்வளவும் உண்மை. உண்மையான தகவல்களை அடுக்கிக்கொண்டே ஓர் அரைகுறை வேலையை மறைக்கலாம் என்பது என் அனுபவம்.

ஜூலையில் பலகை சிக்கியது. குளிரில் காடிக்கு அளவாக வெட்டிய தகடு அது. அறுபது சென்டிமீட்டர் அகலத் தகடு குளிர்கால முடிவுக்கும் கோடை வெயிலுக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் விரியும், நான் விட்டிருந்த இடம் அதற்குக் காணாது. மனைவி உள்ளே தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். பலகை மூன்றும் போட்டிருந்தது, மேல்மூடியும் சாத்தியிருந்தது. வெளியே வர இழுத்தால் வரவில்லை. நான் வெளியே, அவள் உள்ளே, நடுவில் தெளிவான தகடு. அவள் வாய் அசைவது தெரிகிறது. என்ன சொன்னாள் என்று கேட்காவிட்டாலும் விளங்கியது. மூடியைத் தள்ளி மேலால் ஏறித்தான் வந்தாள். நெருப்புப் பிடித்திருந்தால் என்று அவள் கேட்டபோது நான் சிரித்து மழுப்பினேன். காற்றுக்கீற்று இல்லாததால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. பகலில் உள்ளே நிற்க முடியாத சூடு. ஓகஸ்ட்டில் அவள் தன் பழைய பருத்திச் சேலை ஒன்றை வெட்டி வாசலுக்குத் திரை தைத்துவிட்டாள். வெளிச்சத்துக்காகத் தேக்கைக் கழற்றி, கண்ணாடி போட்டு, அதற்குச் சேலை கட்டி மறைத்தோம்.

செப்ரெம்பர் கடைசியில் ஒரு நாள் கிழக்குக் காற்று. ஒன்ராறியோ ஏரி கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கிழக்கிலிருந்து காற்று நிலைத்து அடித்தால் அதில் பெரும்பகுதி தூரம் அலை வளர்ந்துகொண்டே வந்து எங்கள் பக்கத்தில்தான் முட்டும். கடலலைபோல நீண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூச்சுவிட விடாமல் வரும். மரீனாவுக்குத் திரும்பும் வழியில் பின்னால் ஒன்று எழும்பி காக்பிட்டுக்குள் இடுப்பளவு விழுந்தது. பெரிய அலை என்று சொல்ல மாட்டேன். அது என்னைத் தூக்கி வாசல் பலகைமேல் சாத்தியது. என் இடுப்பு நடுப்பலகையில் பட்டது. தகடு உள்பக்கமாக வளைவது முதுகுக்குத் தெரிந்தது, பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம். படியில் நின்ற மனைவியின் முகத்தில் தண்ணீர் அடித்தது.

கரைக்கு வந்து பார்த்தேன். கொண்டியின் கீழ்த்துளையிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு வெடிப்பு, என் நடுவிரல் நீளம். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

“உடைஞ்சதுதானே, திரும்பப் பழைய பலகையைப் போடுங்கோவன்” என்றாள்.

போட முடியாது. பழைய பலகைகளை அதற்குள் அறுத்துக் குசினியில் தூள் போத்தல் வைக்கத் தட்டு அடித்திருந்தேன். அது அவளுக்குத் தெரியும், மறந்துபோய்க் கேட்டாளோ வேண்டுமென்று கேட்டாளோ தெரியாது. காற்றுக்கீற்று வெட்டிய துண்டு அதில் முதுகுப்பலகை. மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் 3 என்ற பென்சில் எழுத்து இப்போதும் இருக்கிறது.

வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க ஒரு முறை உண்டு. அதன் நுனியில் சிறு வட்டத் துளை போட வேண்டும். கூர்மையான நுனியில் குவியும் விசை வட்டத்தில் பரந்துவிடும். செய்தேன், இந்தமுறை சரியான பிட் வாங்கித்தான் செய்தேன். ஆனால் துளையும் வெடிப்பும் சேர்ந்து பார்வைக்கு அசிங்கமாக இருந்தன. அதற்காக அகலமான துருப்பிடிக்காத உருக்குத் தகடு ஒன்று வாங்கி, கொண்டியை அதன்மேல் பூட்டி, இரண்டையும் மூடினேன். சுற்றிவர மெருகுக் களிம்பு பூசித் தேய்த்தேன். அந்தப் படகில் நான் செய்த வேலைகளில் மிகவும் கவனமாகச் செய்தது இதுதான்.

விற்கும் எண்ணம் அப்போது இல்லை. முழங்கால் வலி கூடி, பாய் ஏற்ற ஆள் தேவைப்பட்ட பிறகுதான் வந்தது. வாங்க வந்தவர்கள் இளம் தம்பதி. சும்மா ஏரியில் சுற்ற அல்ல. ஒஸ்வீகோ வரை பாயில் போய், அங்கே கொடிமரத்தை இறக்கிப் படகின்மேல் படுக்கவைத்து, தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் ஈரி கால்வாய் வழியாக ஹட்சன் ஆற்றுக்கு இறங்கி, நியூயோர்க்கில் கடலைப் பிடித்துத் தெற்கே போகும் திட்டம். வரைபடத்தை என் மேசையில் விரித்துக் காட்டினார்கள். கணவன் இயந்திரத்தைப் பார்த்தான். அவர்கள் அமர்த்திய மதிப்பீட்டாளர் படகின் உடம்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண்தான் வாசலில் நின்றாள். நடுப்பலகையை விரல் மடக்கித் தட்டி, ஆங்கிலத்தில் கேட்டாள்: இது லெக்சானா?

அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். ஓரத்தில் ஒரு துணுக்கை எரித்துப் பார்த்தால் தெரியும். அக்ரிலிக் பழவாசத்தோடு எரிந்துகொண்டே போகும், மற்றது நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். வாங்க வந்த படகில் யார் எரித்துப் பார்ப்பார்கள்? அவள் என்னைத்தான் கேட்க முடியும்.

ஓம் என்று சொன்னேன்.

பணம் காரணம் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் விலையில் சில நூறு டொலர் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அவள் தட்டியபோது அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது, நல்ல பொருள் போட்டிருக்கிறார் இந்த மனிதர் என்று. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய மரப்பலகைகள் இருக்கிறதா என்று கணவன் கேட்டதற்கு, நான் வாங்கும்போதே இருக்கவில்லை என்றேன். அது கேட்ட கேள்விக்கு மேலதிகமான பொய். மனைவி கபினுக்குள் இருந்தாள், கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அவர்கள் புறப்பட்ட பிறகு வழியில் எடுத்த படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒஸ்வீகோவில் கொடிமரம் இறக்கிய படம், கால்வாயில் பூட்டுமடைக்குள் நிற்கும் படம். ஒவ்வொன்றிலும் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன். ஹட்சனில் இறங்கியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நியூயோர்க் வாயிலுள்ள சாண்டி ஹூக்கிலிருந்து கேப் மே வரைக்கும் பாய்ப்படகு நம்பிப் போகக்கூடிய முழுமையான உள்வழி கிடையாது. நியூ ஜெர்சிக் கரையை ஒட்டித் திறந்த அட்லாண்டிக்கில்தான் போக வேண்டும். அதுவும் இலையுதிர்காலத்தில்.

ஆகவே எழுதினேன். இந்த ஒப்புதலை நான் இங்கேயே நிறுத்தியிருந்தால் ஓரளவு நல்லவனாகத் தெரிந்திருப்பேன். என்ன எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாசல் பலகைகள் எனக்கு முந்தைய உரிமையாளர் போட்டவை, லெக்சான் என்று சொல்லித்தான் அவர் தந்தார், இப்போது எனக்கு அதில் சந்தேகம் வந்திருக்கிறது, கடலில் இறங்குமுன் எதற்கும் மாற்றிவிடுங்கள், செலவை நான் தருகிறேன் என்று எழுதினேன். கிழவர் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இறந்துவிட்டார். செத்த வீட்டுக்கு நான் போயிருந்தேன். அவருடைய மகள் என் கையைப் பிடித்து, அப்பாவின் படகை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னாள்.

மறுநாளே பதில் வந்தது. ஒரு படகுத்துறையில் நிறுத்தி, 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் மூன்று பலகையும் புதிதாகச் செய்து, உள்ளேயும் வெளியேயும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். செலவு வேண்டாம். சொல்லாமலே விட்டிருக்கலாம், சொன்னீர்களே, உங்களைப் போன்ற நேர்மையான ஆளிடம் படகு வாங்கியது எங்கள் அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு பந்தி. பழைய பலகையைக் கழற்றும்போது உருக்குத் தகட்டுக்கு அடியில் ஒரு வெடிப்பைக் கண்டோம், அதன் நுனியில் அழகாகத் துளை போட்டு நிறுத்தியிருக்கிறது, ஆகவே அந்த ஆளுக்கு வெடிப்பு இருப்பது தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே மூடி உங்களுக்கு விற்றிருக்கிறான், எப்படிப்பட்ட மனிதன் அவன் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். படமும் இணைத்திருந்தாள்.

நான் பதில் எழுதவில்லை. முதல் பந்தியை மட்டும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அதைக் கோவிலில் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் வந்து கைகொடுத்தார்.

படகை வாங்கியவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கிழவரின் மகளுக்கும் தெரியாது. தமிழில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மனைவிக்குத் தெரியும், அவளிடம் இதைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பதில் நாலு வரிதான். அதை இன்னும் எழுதவில்லை.